இன்ஸ்பெக்டர் சேலை

எங்கள் வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஊதா நிறச் சேலை ஒன்று பல வருடங்கள் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை உடுத்த மாட்டார். யாருக்கும் கொடுக்கவும் மாட்டார். வீட்டில் அதற்கு 'இன்ஸ்பெக்டர் சேலை' என்று பெயர். வந்தவர்கள் யாராவது விசாரித்தால் சிரித்து மழுப்பிவிடுவோம். அது சிரிக்கிற விஷயம்தான் என்று ரொம்ப நாள் நானும் நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு நாமக்கல் பக்கத்தில் ஒரு சேகோ மில் இருந்தது. மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கை அரைத்து, அதன் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் மாவை ஜவ்வரிசியாக்குகிற மில். பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓர் ஓட்டுக் கொட்டகை, ஓர் அரவை மெஷின், நாலு தொட்டி, காயவைக்க ஒரு களம், அவ்வளவுதான். வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவே முள்வேலி. சீசன் வந்துவிட்டால் புளித்த மாவின் நாற்றம் நாங்கள் சாப்பிடும் சோற்றில்கூட அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டே அந்த நாற்றத்தில் படித்தோம், நகை வாங்கினோம், பிற்பாடு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாடி வைத்து வீடும் கட்டினோம்.

கிழங்குக்குத் தோல் உரிப்பது பெண்களின் வேலை. இருபது பேர் இருந்தார்கள். காலையில் வந்து குந்தினால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது. இடது கையில் கிழங்கு, வலது கையில் கத்தி. கிழங்கின் பாலும் ஈரமும் பட்டுப் பட்டு அவர்களுடைய விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துப்போயிருக்கும். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் வழித்துச் சாப்பிடுகிற பெண்களை நான் முதலில் அங்கேதான் பார்த்தேன். வசதியான வீடுகளில் கரண்டி பிடிப்பது நாகரிகம் என்று பின்னால் தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இருபது பேரில் ஒருவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அத்தை என்றே சொல்கிறேன். ஏன் அப்படி என்பது போகப் போகத் தெரியும். எங்கள் ஜாதிதான், ஆனால் ஒரு சென்ட் நிலம் கிடையாது. புருஷன் லாரியில் கிளீனராக வடக்கே போனவர், போனவர்தான். பிள்ளைகள் இல்லை. தாய் தகப்பனுக்கு ஒற்றைப் பெண். அவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கழுத்தில் தாலி இருந்தது, கேட்க நாதி இல்லை.

எழுபதுகளின் கடைசியில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்ற பேச்சு எங்கள் பக்கத்து மில்களில் அடிபட ஆரம்பித்தது. தோல் உரிப்பவருக்கு இதற்குக் குறையக் கூடாது என்று சர்க்கார் ஒரு கூலி வைத்திருக்கிறது, அதைத் தாளில் எழுதி ஆட்கள் கண்ணில் படும்படி ஒட்டவேண்டும் என்றார்கள். அப்பா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். ஒட்டினார். மூட்டை அடுக்குகிற அறையில், மூட்டைகளுக்குப் பின்னால் ஒட்டினார்.

தாளை மறைக்கலாம், ஆட்களை எங்கே மறைப்பது? இன்ஸ்பெக்டரின் ஜீப் கிளம்பியதும் செய்தி வந்துவிடும். பெண்களைக் கிழங்குக் காட்டுக்குள் போய் உட்காரச் சொல்லிவிடலாம். ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது தோல் உரிக்க ஓர் ஆள்கூட இல்லை என்றால் எந்த மடையன் நம்புவான்? அப்பா சேலத்தில் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். முதலாளியுடைய கூடப்பிறந்தவர்கள் அவர் வீட்டிலேயே இருந்து, அவரை நம்பிப் பிழைப்பவர்களாக இருந்தால், அவர்களுக்குக் கொடுக்கிற கூலியில் இந்தச் சட்டம் தலையிடாதாம். குடும்பத்துக்குள் கூலி பேச வேண்டாம் என்று நல்லெண்ணத்தில் எழுதியிருப்பார்கள் போல.

"ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு சொல்லிப்புடாதீங்க, அது செல்லாதாமா. கூடப் பொறந்தவன்னு சொல்லோணும். இந்த ஊட்டுலதான் இருக்கறான்னும் சொல்லோணும்" என்று அப்பா அம்மாவுக்குப் பாடம் சொன்னார்.

மற்ற பெண்களைத் தங்கை என்று சொல்ல முடியாது. அவர்கள் எந்தத் தெரு என்பது பார்த்தாலே தெரிந்துவிடும் என்றார். எந்த ஜாதி என்பதைத்தான் அப்படிச் சொன்னார். ஆகவே அத்தை தங்கை ஆனார். இல்லாவிட்டால் மில்லைச் சாத்திவிட வேண்டியதுதான், இருபது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் மறுப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, மறுக்கவும் இல்லை.

ஜீப் வந்த அன்று எனக்குப் பதினெட்டு வயது. பள்ளி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அம்மா அவசர அவசரமாகப் பெட்டியிலிருந்து தன்னுடைய ஊதாச் சேலையை எடுத்து அத்தைக்குக் கட்டிவிட்டார். எத்தனையோ வருடமாக எங்களிடம் வேலை செய்தவர் அன்றுதான் எங்கள் அடுக்களைக்குள் கால் வைத்தார். அங்கிருந்து, வீட்டு ஆள்போலவே வேலியைத் தாண்டிப் போய்க் கிழங்கு முன்னால் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் இளைஞர். நோட்டை விரித்துக்கொண்டு கேட்டார். "அண்ணன் ஊட்டோட இருக்கறனுங்க. ஊட்டுக்காரரு உட்டுட்டுப் போயிட்டாருங்க. சும்மா குந்தியிருக்கறதுக்கு ரெண்டு கெழங்கு உரிச்சுப் போடறனுங்க" என்றார் அத்தை. பாதிக்கு மேல் அது உண்மை, அதனால்தான் அத்தனை இயல்பாக வந்தது. அதோடு நிற்காமல், "வெயில்ல வந்திருக்கறீங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்று உபசாரம் வேறு. அந்த வீட்டு எசமானியான என் அம்மாவுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. அவர் சொன்னதை எழுதி, இடது கட்டைவிரலை மையில் ஒற்றிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஜீப் போயிற்று.

அடுக்களைக்கு வந்து சேலையை மாற்றும்போது அத்தை சிரித்தார். "பொறந்ததுல இருந்து அண்ணன் இல்லீன்னு இருந்தேன் சாமி. இன்னிக்குச் சர்க்காரே வந்து குடுத்துட்டுப் போயிருக்குது."

அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலையை வாங்கி மடித்து, "மறுக்கா வந்தாங்கன்னா வேணுமல்லோ" என்று ஆணியில் மாட்டினார்.

அதன் பிறகு இரண்டு முறை அது ஆணியை விட்டு இறங்கியது. மூன்றாம் முறைக்கு அத்தை இல்லை. ஒரு நாள் கத்தி வழுக்கி அவருடைய இடது கட்டைவிரலில் ஆழமாக வெட்டியது. துணி சுற்றிக்கொண்டு மறுநாளும் உரித்தார். புண்ணில் கிழங்குப் பாலும் அழுக்கும் இறங்கிச் சீழ் வைத்து, சேலம் பெரியாஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் இல்லாமல் கிழங்கைப் பிடிக்க முடியாது. அப்பா அவரிடம் முகம் கோணாமல் பேசினார், கொஞ்ச நாள் ஊட்டோட இருங்க என்று. எந்த வீட்டோடு என்று அவர் சொல்லவில்லை.

சங்கத்துக்காரர் ஒருவர் சைக்கிளில் மில் மில்லாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர் அத்தைக்கு மனு எழுதிக் கொடுத்தார். சட்டக் கூலிக்கும் எங்கள் கூலிக்கும் உள்ள வித்தியாசம் கிடைத்தால் ஓர் எருமை வாங்கலாம், ஒற்றைக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பால் கறந்து பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார் அத்தை. அவர் கேட்டது அந்த ஓர் எருமையைத்தான். ஒருவருக்குக் கிடைத்தால் மற்ற பத்தொன்பது பேரும் வரிசையில் நிற்பார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்கு அப்போது பள்ளிபாளையத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது.

சேலத்தில் விசாரணை. அப்பா சொன்னார், தங்கைதான் என்று. அதிகாரி பழைய காகிதத்தை எடுத்து அத்தையிடம் காட்டினார்.

"இது உங்க கைநாட்டுத்தானேம்மா?"

அத்தை இடது கையை மேசைமேல் வைத்தார். "அந்த வெரலு இப்ப இல்லீங்க சாமி."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. நல்ல மனிதர் என்றுதான் எனக்குப் பட்டது. அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது போல என்னைக் கூப்பிட்டார். "நீ சொல்லும்மா. இவங்க உனக்கு யாரு?"

அப்பா என்னை மிரட்டி அழைத்துப் போயிருந்தார் என்று எழுத ஆசைதான். அவர் மிரட்டவில்லை. பஸ்ஸில் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார். மில் போனால் கல்யாணம் நிற்கும் என்று மட்டும் ஒருமுறை சொன்னார். எனக்குக் கல்யாணம் நடக்க வேண்டியிருந்தது. பட்டு எடுத்தாகிவிட்டது.

"அத்தைங்க" என்றேன்.

"உங்க வீட்லதான் இருக்காங்களா?"

"ஆமாங்க."

மனு தள்ளுபடி ஆனது. வெளியே வராந்தாவில் அத்தை எனக்காக நின்றிருந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "நல்லாச் சொன்னே சாமி" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நடந்து போனார், நாங்களும் அதே பஸ்ஸில்தான் ஏறினோம்.

அந்தச் சட்டத்தைப் பற்றிப் பின்னாளில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குறைந்த கூலிக்குச் சம்மதம் என்று வேலையாள் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருந்தாலும் அது செல்லாதாம். பசிக்குப் பயந்து யாரும் தன் கூலியை விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்று அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள். கூலியை விட்டுக்கொடுக்கத்தான் அத்தையால் முடியாது. ஆனால் தான் வேலையாளே இல்லை என்று கைநாட்டு வைக்க முடிந்தது, நானும் அதற்குச் சாட்சி சொல்ல முடிந்தது. சட்டத்தின்மேல் எனக்கு வருத்தமில்லை. என்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, இந்த வயதிலும்.

கல்யாணமாகி மூன்று வருடம் இருக்கும். பிறந்த வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலையில், அத்தையின் தெருவிலிருந்து ஓர் ஆள் வந்து வாசலில் நின்றார். அத்தை இறந்துவிட்டார். கடைசி நாட்களில் ஒரே சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்: எனக்கு அண்ணன் இருக்கறார், சர்க்கார் காயிதத்துலயே எழுதியிருக்குது, பொறந்த ஊட்டுக் கோடி அங்கிருந்துதான் வரோணும் என்று. செத்த பெண்ணின் மேல் அண்ணன் தம்பி வீட்டுப் புதுச்சேலையான கோடியைப் போர்த்திய பிறகுதான் எங்கள் பக்கம் எடுப்பார்கள். வந்த ஆள் கூச்சத்தோடு அதைச் சொல்லிவிட்டு, "காத்திருக்கறமுங்க" என்றார்.

அத்தை அதை வயிற்றெரிச்சலில் சொன்னாரா, நிஜமாகவே ஆசைப்பட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆபீஸ்ல சொன்னது ஆபீஸோட போச்சு" என்றார் அப்பா. "இன்னிக்குக் கோடி போட்டா நாளைக்கு எவனாச்சும் பங்குன்னு வந்து நிப்பான்." அம்மா உள்ளே போய் ஆணியிலிருந்து ஊதாச் சேலையை எடுத்து வந்தார். "இதையாச்சும் குடுத்தனுப்பலாமுங்களா?" என்று கேட்டார். கோடி புதுசாக இருக்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியாததா? எனக்கு வந்த கோபத்தில் அதைப் பிடுங்கி வீசினேன். நாமக்கல் போய், என் காசில், ஊதா நிறத்திலேயே புதுச்சேலை ஒன்று எடுத்தேன். தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

பந்தலில் காரியங்களை நடத்திக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"யாரு ஊட்டுக் கோடிங்க சாமி?"

கோடி கொண்டு வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. தோல் உரிக்கிற பெண்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள், எங்கள் மில்லில் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அண்ணன் வீட்டுக் கோடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தை கேட்டதும் அதைத்தான். ஆனால் அந்தப் பெண்களுக்கு எதிரே எனக்கு வாய் வரவில்லை. இந்த ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லிவிட்டு நல்லவளாகிவிடலாம் என்று ஒரு பேராசை.

"இவங்க எங்க மில்லுல வேலை செஞ்சவங்க" என்றேன். "மில்லுக்காரங்க ஊட்டுல இருந்து வாரேன்."

சேலத்தில் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு எழுத்துப் பிசகாமல் அங்கே சொன்னேன். பெண்களில் ஒருத்தி தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்படீங்களா" என்றார் பெரியம்மா, மரியாதையாக. "பொறந்த ஊட்டுக் கோடின்னாத்தானுங்க மேல போடோணும். நீங்க கால்மாட்டுல வெச்சுருங்க."

கால்மாட்டில் வைத்தேன். இனி யாரும் வரப் போவதில்லை என்று தெரிந்ததும் மதியத்துக்கு மேல் கோடி இல்லாமலே எடுத்தார்கள். தூக்குவதற்கு முன்னால் யாரோ அந்தச் சேலையை எடுத்து, மடிப்புக் கலையாமல் என் கையில் திருப்பிக் கொடுத்தார்கள்.