எஞ்சின் மூடியின் கடைசி போல்ட்

கல்யாணமாகி மன்னார் பட்டினத்துக்கு வந்த புதிதில் நான் என் கைகளை ஒளித்தே வைத்திருந்தேன். என் பிறந்த ஊரான பேசாலையில் என் தகப்பனாருக்கு ஆண்பிள்ளை இல்லை. கரைவலை இழுக்க ஆள் போதாத நாட்களில் நானும் அவரோடு நின்று கயிறு பிடிப்பேன். அப்படியே வளர்ந்ததில் உள்ளங்கை காய்த்து, விரல்கள் தடித்துப் போயின. கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், வேலை பார்க்கும் மாப்பிள்ளை பேசி முடிந்ததும் அம்மா என்னைக் கடற்கரைப் பக்கமே விடவில்லை. தினமும் என் கையில் தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தாள். காய்ப்பு போகவில்லை.

சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் விட்டுப்போன பழைய காரை என் வீட்டுக்காரர் வாங்கியிருந்தார். எங்கள் தெருவில் வேறு எவரிடமும் கார் இல்லை. உப்புக்காற்றில் துருவேறி, எஞ்சினுக்குள் கரி படிந்து, மணல் றோட்டில் அது இழுக்க மறுத்தது. மூடியைத் திறந்து கரியைச் சுரண்டினால் சரியாகிவிடும் என்றார்.

"உதுக்கேன் மெக்கானிக்? நானே செய்வன்."

ஞாயிறு பூசை முடிந்ததும் அவருடைய கந்தோர் நண்பர்கள் இருவர் வந்துவிட்டார்கள். அவருடைய தாயார், என் மாமி, விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூடியிலிருந்த போல்ட் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. பின்பக்கத்து மூலையில் இருந்த ஒன்று மட்டும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார்கள். சுத்தியலால் தட்டினார்கள். மூவரும் மாறி மாறி ஸ்பானரை இழுத்தார்கள். நான் தேத்தண்ணியோடு போன நேரம் ஸ்பானர் வழுக்கி என் வீட்டுக்காரரின் விரல் மொளி கிழிந்தது.

இரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. "இஞ்சருங்கோ, விடுங்கோ. நான் ஒருக்காப் பாக்கட்டே?"

நண்பர்களில் ஒருவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "குடும் ஐசே, அவவும் பாக்கட்டும்."

எல்லோருக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. நான் தேத்தண்ணித் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காலைக் காரின் படியில் ஊன்றி, ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்தேன். வெட்டி இழுக்கவில்லை. வலை பாரமாக வரும்போது சாய்வதைப் போல மெல்ல மெல்லச் சாய்ந்தேன். போல்ட் கிரீச்சிட்டு இளகியது.

சிரித்த நண்பர் என் கையை உற்றுப் பார்த்தார். "தங்கச்சி, இதென்ன, கப்பல்காரன்ர கை மாதிரிக் கிடக்கு?"

என் வீட்டுக்காரரின் முகம் சிவந்தது. "நான் முதலே இளக்கிப் போட்டன். அவ சும்மா கடைசியா ஒருக்காத் திருப்பினவ." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓம், இளகித்தான் கிடந்தது" என்றேன். கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு உள்ளே போனேன். குசினி வாசலில் மாமி நின்றார். "ஆம்பிளையளுக்கு முன்னால காலைத் தூக்கி வைக்கிறதே, பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார். மாமி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று பின்னேரம் என் வீட்டுக்காரர் குசினிக்குள் வந்து, கட்டுப் போட்ட விரலைத் தடவிக்கொண்டு நின்றார். "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஞாயிறு, கார் நன்றாக ஓடுகிறது என்று பேசாலைக்குக் கூட்டிப்போனார். முற்றத்தில் அயலட்டைச் சனமெல்லாம் காரைச் சுற்றி நின்றது. அவர் எல்லோருக்கும் கேட்கும்படி என் அப்புவிடம் சொன்னார்: "மாமா, இது ஓடுறது உங்கட மகளாலதான். நாங்கள் மூண்டு பேர் இழுத்தும் வராத போல்ட்டை இவதான் கழட்டினவ."

போன கிழமை சொன்ன பொய்யை அவர் அப்படித் திருத்தினார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அப்புவின் முகமோ இருண்டு போனது. பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"அங்கையும் உன்னைக் கொண்டு உந்த வேலைதான் செய்விக்கினமோ?"

"இல்லை அப்பு. நானாத்தான் கேட்டுச் செய்தனான்."

அவர் நம்பவில்லை. என் கைகளைப் பார்த்தார், பிறகு வேலிப் பக்கம் பார்த்தார். "உன்னைக் கயிறு பிடிக்க விட்டது என்ர பிழை" என்றார்.

மத்தியானம் அப்பு மருமகனின் தட்டில் பெரிய மீனாகப் பார்த்து வைத்தார். ஆனால் சாப்பிட்டு முடியும்வரை மருமகனின் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியில் தோட்டவெளிக் கிராமத்தைத் தாண்டியதும் என் வீட்டுக்காரர் கேட்டார்: "நான் என்ன பிழையாச் சொன்னனான்?"

கல்யாணம் செய்துவைத்து என்னைக் கயிற்றிலிருந்து விடுவித்துவிட்டதாக நம்பியிருந்த அப்புவுக்கு அந்தப் பாராட்டு எப்படிக் கேட்டிருக்கும் என்று இவருக்கு விளக்க எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. இருவருக்காகவும் வெட்கமாக இருந்தது.

"ஒண்டுமில்லை" என்றேன். "முன்னால கழுதையள் நிக்குது. பாத்து ஓட்டுங்கோ."