பீற்றரின் திராவகக் கொட்டில்

பி.எஸ்ஸி. தேறி ஊருக்குத் திரும்பிய பிறகு பீற்றருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தலவில புனித அன்னம்மாள் கோயிலுக்கு வடக்கே, தென்னந்தோப்பும் கடலும் சந்திக்கிற அந்தக் கரையில், அவனுக்கு முன் எவரும் ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை. கொழும்புக்கு அவன் அனுப்பிய வேலை மனுக்கள் உலக யுத்தத்துக்குள் எங்கோ காணாமல் போயின. காலையில் எழும்பிக் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போவான். தோணியில் சுக்கான் பிடிக்கிற சாள்ஸ் அவனைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவான்.

"மெதுவா இழுங்கடா. மாஸ்டர் வந்திட்டார். சத்தம் கேட்டா படிச்சதெல்லாம் கொட்டுண்டு போயிரும்."

எல்லோரும் சிரிப்பார்கள். பீற்றரும் சிரிப்பான். வீட்டுக்குப் போய்ப் பாயில் சாய்வான். உடனே எழும்பி மறுபடியும் கரைக்கு வருவான்.

தென்மேற்குக் காற்று முடிந்த கையோடு அந்தக் கரையில் பழுப்புப் பாசி மலைமலையாய் ஒதுங்கும். வலையில் சிக்கி வேலையைக் கெடுப்பதால் எல்லோரும் அதைத் திட்டுவார்கள். பீற்றர் அதைக் கொழும்பில் புத்தகத்தில் சந்தித்திருந்தான். எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடித்து, கந்தகத் திராவகம் சேர்த்துச் சூடாக்கினால் ஊதா நிறத்தில் ஒரு புகை எழும். குளிர்ந்தால் அதுதான் அயடின். கல்லூரி ஆய்வுகூடத்தில் ஒரே ஒரு தடவை அந்தப் புகையைப் பார்த்திருக்கிறான். ஆனால் அந்தப் புத்தகம் வேறு யாருடைய கடலையோ பற்றி எழுதப்பட்டது. நம்முடைய பாசியிலும் அது உண்டா? உண்டு என்று காட்டிவிட்டால், தான் படித்தது இந்த மணலுக்கும் சொந்தம் என்று ஆகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. கற்பிட்டி மருந்துக்கடையில் காயத்துக்குப் போட அயடின் இல்லாமல் போயிருந்ததையும் அவன் ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டான். அது இரண்டாவது காரணம் என்பது அவனுக்கே தெரியும்.

திராவகம் கற்பிட்டியில் பதுர்தீனிடம் கிடைத்தது. பதுர்தீனுக்குப் புத்தளம் வரை ஓடுகிற பஸ் ஒன்று இருந்தது. அதன் பெற்றரிக்கு ஊற்றத் திராவகம் வைத்திருந்தார்.

"தம்பி, இது குடிக்கிற சாமான் இல்ல. களிசானில பட்டா களிசான் போகும், காலில பட்டா காலும் போகும்," என்றார், அவனுடைய காற்சட்டையைக் காட்டி.

"தெரியும் நானா," என்றான் பீற்றர், அண்ணன் முறை வைத்து.

"தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் நான் பயப்படுற. தெரியாதவன் கிட்ட வரமாட்டான்."

பஸ் சாரதி புழுதிக்குப் போடுகிற பழைய கண்ணாடி ஒன்றையும் பீற்றர் அங்கே கேட்டு வாங்கினான். கண்ணை முழுதாக மூடி, ரப்பர் பட்டியால் தலையைச் சுற்றி இறுக்குகிற வகை.

அக்காள் மக்தலேனாவின் புருஷன் அன்ரனிப்பிள்ளை, வலை வைக்கிற பழைய கொட்டில் ஒன்றை அவனுக்கு விட்டுக்கொடுத்திருந்தான். அங்கே பீற்றர் நடந்துகொண்ட விதம் ஊருக்கு ஒரு கூத்தாயிற்று. இரண்டு பக்கத்துத் தட்டியையும் கழற்றி எறிந்தான்; புகை அடைபடக் கூடாதாம். காற்று முதுகுப் பக்கம் இருந்து வீசினால்தான் வேலை தொடங்குவான். வெறுங்காலோடு எல்லோரும் நடக்கிற மணலில் சப்பாத்துப் போட்டான். தோணியின் பாய்ச்சீலையில் ஒரு துண்டை வெட்டி மார்பிலிருந்து முழங்கால் வரை கட்டிக்கொண்டான். திராவகப் போத்தலை ஒருபோதும் உயரத்தில் வைக்கமாட்டான். சிப்பிச் சுண்ணாம்பு நிரப்பிய பெட்டிக்குள் தரையோடு வைத்தான். வேறு போத்தலில் மாற்றினால் யாராவது சாராயம் என்று எடுத்துவிடுவார்கள் என்று மாற்றவே மாட்டான். எழுத்துத் தெரியாதவர்களுக்காக அதன் மேல் ஒரு மண்டையோடு வரைந்தான். அவன் தாய் பாக்கியம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். திராவகத்தைத் துளித்துளியாகத் தண்ணீருக்குள் விடுவான். தண்ணீரைத் திராவகத்துக்குள் விடமாட்டான். பக்கத்தில் எப்போதும் இரண்டு பானை நல்ல தண்ணீர் நிற்கும்.

அந்தப் பானைகள்தான் மக்தலேனாவுக்குப் பொறுக்கவில்லை. நல்ல தண்ணீர்க் கிணறு தென்னந்தோட்டத்துக்கு அப்பால் இருந்தது.

"குடிக்கவும் இல்ல, குளிக்கவும் இல்ல. தண்ணிய காவலுக்கு வச்சிருக்கிறான். தம்பி, பானைக்குச் சம்பளம் குடுக்கிறியா?"

"ஏதும் நடந்தா வேணும் அக்கா."

"நடக்கும் எண்டா ஏன் செய்யிறாய்?"

இவ்வளவு கவனம் அறிவா, இல்லை வெறும் பயமா என்று அவனே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். பயந்தவன் செய்யமாட்டான்; அறிந்தவன் இவ்வளவு ஆரவாரம் பண்ணமாட்டான். தான் எந்தப் பக்கம்?

அன்ரனிப்பிள்ளை ஒருவன்தான் அந்த வேலையைக் கேலி செய்யாமல் பார்க்க வந்தவன். அவன் அந்தக் கரையின் கண். மீன் கூட்டம் வரும்போது கடலில் கருஞ்சிவப்பாய் ஒரு நிழல் விழும். அது அலையின் நிழலா, மேகத்தின் நிழலா, மீனா என்று கரையில் நின்றே பிரித்துச் சொல்ல அவனால்தான் முடியும். அவன் கையைத் தூக்கினால் தோணி இறங்கும். இருபது வீட்டு அடுப்பு அவன் கையைப் பார்த்து எரிந்தது.

கடல் கொந்தளித்து வலை காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவன் சுருட்டை வாசலிலேயே அணைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"என்ன மச்சான், புகை வந்திட்டுதா?"

"இண்டைக்கு வரும் போல. கொஞ்சம் எட்டி நில்லுங்க."

எட்டித்தான் நின்றான். பீற்றர் சாம்பல் நீருக்குள் திராவகக் கலவையைச் சொட்டினான். நீர் சீறி நுரைத்தது. கூழ் முட்டை நாற்றம் எழுந்தது.

"இதுக்கா இவ்வளவு பாடு? இந்த மணம் எங்கட கருவாட்டுப் பாயிலயே இருக்கே," என்று சொல்லிக்கொண்டே அன்ரனிப்பிள்ளை ஓரடி முன்னால் வந்து குனிந்தான். அந்த நேரம் நுரை பொங்கி ஒரு பெரிய குமிழ் உடைந்தது.

அவன் கத்தவில்லை. வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு மெல்ல மணலில் உட்கார்ந்தான். "எரியுது," என்றான்.

பீற்றர் முதல் பானையைத் தூக்கி அவன் முகத்தில் கவிழ்த்தான். கையை விலக்கி, இமையைப் பிரித்து, மறுபடியும் ஊற்றினான். அதற்குள் வலை காய்ந்த இடத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். சாள்ஸ் பீற்றரின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நல்ல தண்ணி ஊத்தாத. உனக்கு விசரா?"

அந்தக் கரையில் உடம்பு எரிந்தால் அது சொறிமுட்டைதான். வலையோடு கூழ்க்கட்டி போல வழுவழுவென்று வருகிற அந்தச் சீவன் பட்டால் தோல் நெருப்பாய் எரியும். நல்ல தண்ணீர் பட்டால் எரிவு இரண்டு மடங்காகும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கடல் தண்ணீரால் கழுவ வேண்டும், வினாகிரி பூச வேண்டும். சொறிமுட்டைக்கு அது சரி. பாக்கியம்மா அதற்குள் வினாகிரிப் போத்தலோடு வந்துவிட்டாள்.

"அம்மா, அது வேணாம். அதுவும் ஒரு திராவகம்தான்."

"நான் கறிக்கு விடுற சாமான் உனக்குத் திராவகமா, மகன்?"

"இது சொறி இல்ல. விடுங்க."

"மாஸ்டர் எத்தனை சொறியைக் கண்டிருக்கிறார்?" என்றான் சாள்ஸ், பிடியை விடாமல். இழுபறியில் இரண்டாவது பானை சரிந்து பாதித் தண்ணீர் மணலுக்குப் போயிற்று. மக்தலேனா புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்ரனிப்பிள்ளை பல்லைக் கடித்தபடி கண்ணைக் கசக்கப் பார்த்தான்.

மிஞ்சிய பாதிப் பானையைப் பீற்றர் பார்த்தான். நிறையத் தண்ணீரால், நெடுநேரம் கழுவ வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. அந்த நிறையத் தண்ணீர் இரண்டு பானைதான் என்று அவனாகத்தான் கணக்குப் போட்டிருந்தான். தோட்டம் தாண்டிக் கிணற்றுக்குப் போய் வர நேரமில்லை. எதிரே கடல் இரைந்துகொண்டிருந்தது. இவ்வளவு காலமாக அதை ஒரு தண்ணீராகவே அவன் நினைக்கவில்லை.

"சரி, கடல் தண்ணி. கடலுக்குத் தூக்குங்க," என்றான்.

சாள்ஸ் உடனே கையை விட்டான். இதைத்தானே அவன் சொல்ல வந்தான். நான்கு பேர் அன்ரனிப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாறை மறைவில் அலை அடங்கிய இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, பீற்றர் சிரட்டையால் அள்ளி அள்ளிக் கண்ணுக்குள் விட்டான். கொஞ்ச நேரத்தில் போதும் என்றார்கள். அவன் கேட்கவில்லை. கை கடுத்தபோது சிரட்டையைச் சாள்ஸிடம் கொடுத்து இமையை மட்டும் பிடித்துக்கொண்டான். வெயில் முதுகில் சுடும்வரை நடந்தது அது.

கரையேறும்போதுதான் முகத்தில் ஏதோ இறுக்குவதை உணர்ந்தான். பஸ் சாரதியின் கண்ணாடி அவன் கண்களில் அப்படியே இருந்தது. உட்பக்கத்தில் ஒரு துளி ஈரமில்லை.

பதுர்தீனின் பஸ்ஸில் புத்தளம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் மருந்து விட்டுக் கட்டுப் போட்டார். எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று கேட்டார். சொன்னதும் தலையாட்டினார்.

"அதனால்தான் கண் மிஞ்சியிருக்கிறது. பார்வை எவ்வளவு மிஞ்சியது என்று கட்டை அவிழ்த்த பிறகுதான் சொல்லலாம்."

அதற்குப் பிந்திய நாட்களில் பீற்றர் ஓரிடத்தில் உட்காரவில்லை. கற்பிட்டி வரை நடந்தான், காரணமில்லாமல் திரும்பினான். ஆசுப்பத்திரிக்குப் போவான், கட்டுப்போட்ட முகத்தின் முன் நிற்க முடியாமல் வெளியே வருவான். ஊரில் மூன்று கதை நடந்தது. நல்ல தண்ணீர் ஊற்றித்தான் கண் கெட்டது என்றார்கள் சிலர். கடல் தண்ணீர்தான் காப்பாற்றியது என்றான் சாள்ஸ். அன்னம்மாள் காப்பாற்றுவாள் என்று பாக்கியம்மா நேர்த்தி வைத்தாள். மக்தலேனா தம்பிக்குச் சோறு போட்டாள், தட்டை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

சாள்ஸின் ஊகத்தில் தோணி இரண்டு தரம் இறங்கியது. இரண்டு தரமும் வலையின் மடியில் பாசியும் சொறிமுட்டையும் வந்தன. பீற்றரை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடவில்லை. அது கேலியைவிட மோசமாக இருந்தது.

கொட்டிலுக்கு வெளியே நின்று அவன் யோசித்தான். புத்தகம் செய்யச் சொன்னதெல்லாம் செய்தான். சப்பாத்து, சீலை, காற்று, சுண்ணாம்பு, பானை, எதையும் விடவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு மனிதன் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வேலை செய்தான். அவனுக்கு ஒரு கண்ணாடி போதும். இந்தக் கரையில் யார், எதைத் தனியாகச் செய்திருக்கிறான்? அடுப்பு மூட்டினாலும் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அதை அறியப் பி.எஸ்ஸி. வேண்டியதில்லை, இங்கே பிறந்திருந்தால் போதும். அவன் இங்கேதான் பிறந்தான்.

கட்டு அவிழ்த்து அன்ரனிப்பிள்ளை ஊருக்கு வந்தான். வலக்கண் சிவந்து, கருவிழியின் ஓரத்தில் பால் துளி போல் ஒரு வெள்ளை இருந்தது. மறுநாள் காலை கரையில் எல்லோரும் கூடினார்கள். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் நல்ல கண்ணை இடக்கையால் மூடிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். நெடுநேரம் அப்படியே நின்றான். பிறகு வலக்கையைத் தூக்கினான்.

"அங்க. பாறைக்கு வடக்கால. இறக்குங்க."

"எனக்கொண்டும் தெரியல்லையே," என்றான் சாள்ஸ்.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

ஆட்கள் சிரித்தார்கள், தோணி இறங்கியது. பீற்றர் யாரும் சொல்லாமலே கயிற்றைப் பிடித்தான். உள்ளங்கை தோலுரிந்தது. மடி கரையை நெருங்க நெருங்க அவன் கண்ணை மூடிக்கொண்டான். பெண்களின் சத்தம் கேட்டுத்தான் திறந்தான். மடி நிறையச் சாளை மீன் துடித்துக்கொண்டிருந்தது.

"கண் இருக்கு," என்றான் சாள்ஸ், உரத்து, எல்லோருக்கும். மக்தலேனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாக்கியம்மா கோயில் பக்கம் திரும்பி நின்றாள்.

ஆரவாரம் கூடைகளோடு மேட்டுக்கு நகர்ந்த பிறகு பீற்றர் மச்சானிடம் போனான். "கொட்டிலைப் பிரிச்சுப் போடவா?" என்று கேட்டான்.

"பிரிச்சா எனக்கென்ன லாபம்? சுத்திவர ஒரு வேலி கட்டு. என்னைப் போல மோடன் வராம." கடலைப் பார்த்தபடியே சொன்னான். "பீற்றர், நான் விரலுக்கிடையால பாத்தன்."

பீற்றருக்கு முதலில் விளங்கவில்லை.

"இந்தக் கண்ணில கடல் தெரியுது, தோணி தெரியுது. நிழல் தெரியல்ல. பனி மூடின மாதிரி ஒரே வெள்ளை. அதுதான் விரலைக் கொஞ்சம் விரிச்சன்."

"டொக்டர் என்ன சொன்னார்?"

"தெளியலாமாம். தெளியாமலும் போகலாமாம். அவங்களுக்குச் சொல்லாத. ரெண்டு கண்ணும் இருக்கு எண்டாத்தான் தோணியை இறக்குவானுகள். ஒரு கண்ணால வலப்பக்கம் பிந்தித்தான் தெரியுது. நாளைக்கு வந்து என்ட வலப்பக்கம் நில்லு."

"எனக்கு நிழலெல்லாம் தெரியாது மச்சான்."

"தெரியாதவனா நில்லு. தண்ணி நிறம் மாறினா மட்டும் சொல்லு. என்னெண்டு நான் பாக்கிறன்."

மறுநாள் விடியும்போது பீற்றர் அங்கே நின்றான். வலப்பக்கக் கடல் அவனுக்கு எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இருந்தது. சிறிது நேரத்தில் எல்லா இடத்திலும் மாறுவது போல் இருந்தது. கண்ணை இமைக்கவும் அவனுக்குப் பயமாக இருந்தது.

"என்ன?" என்றான் அன்ரனிப்பிள்ளை.

"இன்னும் ஒண்டுமில்ல," என்றான் பீற்றர், பார்வையை எடுக்காமல்.