காசியம்மா வீடு ஸ்டாப்பிங்

"காசியம்மா வூடு எல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் நேற்றும் கத்தினார். பறவை பார்க்க வந்த ஒருவர், கழுத்தில் கேமரா, என்னோடு இறங்கி, "எதுங்க அந்த வீடு?" என்றார். சுற்றிலும் மணல், ஒரு மின்கம்பம், பஸ் திரும்பிய சக்கரத் தடம். "நீங்க நிக்கிறது அடுப்பங்கரை" என்றேன். மனிதர் பதறிப்போய்க் காலைத் தூக்கினார். நான் சிரித்தேன். சிரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதை உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பஸ் முழுக்க இறால் கூடை வாடை. அவர் வழியெல்லாம் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. எனக்கோ தேர்தலில் ஜெயித்தவன் போல ஒரு பெருமிதம். எங்கள் குப்பத்துக்குப் பஸ்ஸே இல்லாத அந்தக் காலத்தில் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துப் பழவேற்காடு வரை நடப்பார்கள். அங்கே பொன்னேரி பஸ்ஸில், தண்ணீர் சொட்டுகிற கூடையைக் கண்டதும் ஏற்றாமலே விசில் ஊதிவிடுவார்கள். நைனாவின் தங்கை காசியம்மா, என் அத்தை, ஒருமுறை பஸ்ஸின் முன்னால் கூடையோடு உட்கார்ந்தேவிட்டாள். "பஸ்ஸுல நாறுது, கொயம்புல மட்டும் மணக்குதா?" என்று டிரைவரைக் கேட்டாள். அவர் ஹாரனை அடித்தார்; இடம் மட்டும் கொடுக்கவில்லை.

பஸ் கேட்டுப் போனபோதுதான் தெரிந்தது, நாங்கள் இல்லவே இல்லை என்று. ஆபீஸ் மேப்பில் எங்கள் குப்பம் வெறும் மணல். கடலோரம், கட்டடம் கட்டக் கூடாத பகுதி என்று ஏதோ ஒரு நிறத்தையும் அடித்து வைத்திருந்தார்கள். ஆகவே கல் வீடு கட்ட அனுமதி கிடையாது. ஆளில்லாத மணலுக்கு எவனாவது பஸ் விடுவானா? அதுவும் கிடையாது.

ஊர்க்கூட்டம் போட்டோம். எங்களுக்கு எதையும் முறை வைத்துத்தான் செய்ய வரும். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று பிரித்துக்கொள்வோம்; அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அடுத்தவர் பாடு வரும் நாளில் கையும் வைக்க மாட்டோம், வாயும் வைக்க மாட்டோம். மனு கொடுக்கவும் அதே ஏற்பாடு, வாரம் ஒரு வீடு. ஏரியில் பெண்களுக்குப் பாடு கிடையாது. "மனு குடுக்க மீச வேணுமா இன்னா?" என்று அத்தை எழுந்து நின்றாள். ஆண்கள் முணுமுணுத்தார்கள். ஒண்டியாக வாழ்ந்த அவள், தன் கீற்று வீட்டுக்கும் ஒரு பாடு வாங்காமல் உட்காரவில்லை.

விளைவு, வாரம் ஒரு புது முகம், வாரம் ஒரு புதுக் கதை. முதல் ஆள் பஸ் கேட்டார். அடுத்த ஆள் அந்த பஸ் தன் வாசலில் நிற்க வேண்டும் என்றார். மூன்றாமவர் பஸ்ஸை மறந்து மருமகன் மேல் புகார் கொடுத்துவிட்டு வந்தார். "மொத்தம் எத்தனை ஊருய்யா நீங்க?" என்று அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டாராம். எங்கள் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒருநாள் அளக்க ஆள் அனுப்பினார்கள்.

அன்று எங்கள் வீட்டுப் பாடு. நைனா கடலில் இருந்தார். அனுப்பம்பட்டில் ரயிலேறிக் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான், லீவு போட்டுவிட்டு, தேய்த்த சட்டையோடு போய் நின்றேன். நாலு எழுத்து இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த திமிர் வேறு. சர்வேயர் மேப்பை விரித்து, "பஸ் திரும்ப எடம் வேணும். இது காலிதானே?" என்று விரலை வைத்தார். நான் மேப்பைப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. தலையை நிமிர்த்தித் தரையைப் பார்க்கத் தோன்றவில்லை. "காலிதான் சார்" என்று இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அடியில் கோடு இழுத்து.

அளவு நாடா அத்தை வீட்டுச் சுவரை ஒட்டி ஓடியது. அதற்கு வழிவிட அவளே கருவாட்டுப் பாயை நகர்த்திப் போட்டாள். அவள் வீட்டையும் மேப்பில் ஏற்றத்தான் அளக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊரே நின்று பார்த்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முளைக்குச்சி அடிக்க வந்தபோதுதான் உறைத்தது. ஒரு முளை நேராக அவள் அடுப்புக்குப் பக்கத்தில். ஓடினேன்.

"ஏன் அத்தே அன்னிக்கே சொல்லல?"

"அன்னிக்கு உன் பாடுடா. அதுல நான் எப்டி வாய வெக்கிறது? பொம்பளைக்குப் பாடு குடுத்தா மொற தெரியாதுன்னு பேசிட மாட்டானுங்க?"

இடத்தை மாற்றச் சொன்னால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்றார்கள் ஆபீஸில். ஊர் அத்தையின் முகத்தைப் பார்த்தது. "பஸ்ஸு வரட்டும். கூடய தூக்கிக்கினு நடந்தது போதும்" என்றாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழுதது நான். மூக்கைச் சிந்திக்கொள்ள முந்தானையை நீட்டினாள், மீன் வாடையோடு.

கடலைவிட்டு உள்ளே தள்ளி, நெல் வயல்களுக்கு நடுவில் ஒரு காலனியில் அவளுக்குக் கான்கிரீட் வீடு கிடைத்தது. மழைக்கு ஒழுகாது. ஏரி கண்ணில் படாது. பஸ் வேண்டுமானால் வரப்பிலே நடந்து மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். என் கையெழுத்தின் லட்சணம் இது.

போன வாரம் போன் செய்தாள். "எங்க காலனிக்கு பஸ்ஸு கேக்கப் போறோம். வூட்டுக்கு ஒரு பாடு."

"நானும் வரட்டா அத்தே?"

"நீ கம்முனு கெட. இந்த தபா யார் பாடா இருந்தாலும், தப்புன்னா எல்லாரும் கத்தணும்னு சொல்லி வெச்சிக்கிறேன்."

அடுத்தவர் பாடு வரும் நாளில் வாய் திறக்காத எங்கள் பழைய மரியாதை அப்படித்தான் ஒழிந்தது. அந்த வீடு போவதற்கு முன்னாலேயே ஒழிந்திருக்கலாம்.