வைத்திலிங்கம் தள்ளிவிட்ட மூன்று ஆழங்கள்

படம் வரையும் எந்திரம் ஓடும்போது வைத்திலிங்கம் யாரோடும் பேசமாட்டார். கணிப்பொறி சொல்லச் சொல்ல, எந்திரத்தின் பேனா காரைக்கால் கடலின் அடித்தரையைக் கோடு கோடாக இழுக்கும். கோடுகள் வழவழப்பாக வந்தால் அவருக்குப் பசி தெரியாது. எங்காவது நெளிந்தால், "எவனோ தப்பா அளந்துட்டான்" என்பார்.

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் அலைகளைக் கணக்கிடுவது அவர் ஆராய்ச்சி. பிறந்தது காரைக்கால்மேடு மீனவர் குப்பம். கணிப்பொறி அறைக்குள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அவர் காலையும் கழுவிக்கொண்டு போவார். மீன் வாடை அடிக்கிறதா என்று சட்டையை ஒருமுறை முகர்ந்தும் பார்த்துக்கொள்வார்.

கடலின் ஆழத்தை அளந்து கொடுத்தவர் தாய்மாமன் அரசப்பன். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைப் படகிலிருந்து இறக்கி, கை விரித்துக் கயிற்றை அளந்து, நாற்பது இடங்களில் ஆழம் இத்தனை பாகம் என்று சொன்னார். ஆற்றுமுகத்துக்கு வெளியே மூன்று இடங்களில் ஆழம் திடீரென்று கூடியது. கோடு கெட்டது. வைத்திலிங்கம் அந்த மூன்றையும் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். எண்பத்தேழில் அதே ஆற்றுமுகத்தில் படகுத்துறை கட்டக் கூட்டம் போட்டார்கள். அரசப்பன் எழுந்து, "அங்க பள்ளம் கெடக்குங்க. அல திரும்பி அடிக்கும்" என்றார். அதிகாரிகள் வைத்திலிங்கம் விரித்திருந்த படத்தைப் பார்த்தார்கள். அதில் பள்ளம் இல்லை.

"அளந்த அன்னைக்கு மாமா கொஞ்சம் போட்டிருந்தாரு" என்றார் வைத்திலிங்கம்.

அதிகாரிகள் சிரித்தார்கள். அரசப்பன் குடிக்காதவர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுவருடம் தொலைபேசிக் கம்பி வழியே சென்னைக் கணிப்பொறியைப் பம்பாய்க் கணிப்பொறியோடு இணைத்தார்கள். அங்கே இதே ஆராய்ச்சியில் இருந்த தியாகராசன் எல்லா எண்களையும் கேட்டார், தள்ளியவற்றையும் விடாமல். இரண்டாம் நாள் திரையில் பதில் வந்தது. அந்த மூன்றையும் சேர்த்தால்தான் கணக்கு நிஜ அலையோடு பொருந்துகிறதாம். 'அளந்தவர் யார்? தேர்ந்த கை.'

குளிரூட்டிய அறையில் வைத்திலிங்கத்துக்குக் காது மடல் சுட்டது. படகுத்துறையை வேறு இடத்துக்கு மாற்றும்படி அன்றே அதிகாரிகளுக்கு எழுதினார். பிறகு ஊருக்குப் பஸ் ஏறினார்.

அரசப்பன் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, பள்ளம் இருக்கு. நீங்க அளந்ததுதான் சரி."

"இருக்குன்னு எனக்குத் தெரியும்டா. அந்த ஆபீசருங்களுக்குச் சொன்னியா?"

"எழுதிட்டேன் மாமா."

அரசப்பன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "என்னைக் குடிகாரன்னியே, அதையும் எழுதினியா?"

ஏலம் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வைத்திலிங்கம் ஏலம் கூறுபவரிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினார். காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, அத்தனை பேர் முன்னிலையில் ஈர மணலில் முழங்கால் ஊன்றி, அதிகாரிகளுக்கு எழுதத் தொடங்கினார்: 'என் மாமா குடிப்பதில்லை. நான் பொய் சொன்னேன்.'