தோண்ட விடாத கிணறு

போன கிழமை கனகராயன்குளத்தில் ஒரு கிணற்றைத் தூர்ப்பதைப் பார்த்தேன். பாழடைந்த கிணறு என்றால் மனம் ஆறியிருக்கும். இது பாதி தோண்டிய புதுக்கிணறு! ட்ரக்டர் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. தோண்டிய மனிதர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் கதிர்வேல். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு ஓடிவந்தவர். நெளுக்குளத்தில் யாருடையதோ ஒரு காணியின் ஓரத்தில் கொட்டில் போட்டிருக்கிறார். எழும்பு என்றால் எழும்ப வேண்டிய இருப்பு.

கிணறு தோண்டிய காணிக்குச் சொந்தக்காரர் சிவபாதம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி வயல் செய்பவர். இருவருக்கும் பேச்சு, இருவரையும் அறிந்த வாத்தியாரான என் முன்னால்தான் நடந்தது. தண்ணீர் காணும்வரை தோண்டி, கட்டியும் கொடுப்பது கதிர்வேலின் பொறுப்பு. பதிலுக்குக் காணியின் பின்மூலையில் ஒரு வீடு போட்டு, காலம் முழுக்க இருக்கலாம்.

கதிர்வேல் இறங்கி வெட்டினார். மனைவி சரசு கப்பியில் மண் இழுத்தார். அடியில் ஈரமண் வரத் தொடங்கிய நேரம் பார்த்து, சிவபாதம் வந்து நிறுத்தச் சொன்னார். சவூதியில் இருக்கும் மருமகன் குழாய்க்கிணறு அடிக்கச் சொல்லிவிட்டாராம். பின்மூலையும் அவருக்கே வேண்டுமாம். செய்த வேலைக்கு நெல் தருகிறேன் என்றார்.

கதிர்வேல் நெல்லை வாங்கவில்லை. பேச்சை முறித்தது அவர், நான் இல்லையே என்று மறுநாளும் இறங்கினார். வேலையை முடித்துவிட்டால் வீடு வந்துவிடும் என்ற நம்பிக்கை... வேறென்ன?

வவுனியாவில் எனக்குப் பழக்கமான சட்டத்தரணி ஒருவரிடம் அவரைக் கூட்டிப்போனேன். சட்டத்தரணி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"முறிச்சது மற்ற ஆள். நீர் பேச்சிலை இருந்து விலகி நட்டஈடு கேக்கலாம். இல்லை, நான் விலகேல்லை எண்டு மிச்ச வேலையையும் செய்துபோட்டுப் பேசினபடி வீட்டைக் கேக்கலாம். தெரிவு உம்மடைதான். ஆனா அந்தாள் இடம் தராட்டியும் செய்யக்கூடிய வேலையா இருக்கவேணும். கிணறு அவரின்ரை காணிக்குள்ளையெல்லோ கிடக்கு?"

கதிர்வேல் மெதுவாகக் கேட்டார்:

"நட்டஈட்டுக்குள்ள குடியிருக்க முடியுங்களா ஐயா?"

சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பதில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

திரும்பி வந்தால் காணி வாசல் படலையில் சங்கிலி. கப்பியும் கயிறும் கழற்றப்பட்டிருந்தன. சிவபாதம் என் முகத்தைப் பார்க்காமலே கதைத்தார்.

"மருமகனைப் பகைச்சா பிள்ளையின்ரை வாழ்க்கை போயிடும், மாஸ்டர். நான் என்ன செய்ய?"

ஒருவர் மகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மற்றவர் பிடிக்கவே ஒன்றும் இல்லாமல் நிற்கிறார். இதில் யாரிடம் போய் நியாயம் கதைப்பது?

அதன்பிறகுதான் ட்ரக்டர் வந்தது. உழவுக்கு எடுக்கும் நேரம்கூடப் பிடிக்கவில்லை. மண் சமமானதும் சரசு கூடையையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற நடந்தார். கதிர்வேல் மட்டும் அசையவில்லை. போவோம் என்று தோளைத் தொட்டேன்.

"நான் இன்னும் விலகலீங்களே ஐயா" என்றார்.

உண்மைதான். அவர் விலகவில்லை.

விலகாமல் நிற்கத்தான் இடமில்லை.