விரதம் இருக்காத பூனை

சனம் கடற்கரைக்கு வந்து குவியிற மாதங்களில நாங்கள் வீட்டில இருப்பம். சனமெல்லாம் போய், குளிரும் காத்தும் மிஞ்சின பிறகுதான் எங்கட கரவன் வெளிக்கிடும். காருக்குப் பின்னால கொளுவி இழுக்கிற அந்தச் சின்ன வீட்டை, மெல்பேர்ண் கிளென் வேவர்லியில மகன்ர பக்கத்து வீட்டுக்காரர் விக்கப்போறார் எண்டு கேள்விப்பட்ட உடன, என்னை ஒரு சொல்லுக் கேளாமல் இவர் வாங்கிப்போட்டார். ஏன் இந்தக் கண்டறியாத குளிருக்குள்ள போறியள் எண்டு கேட்டவைக்கு, அப்பதான் ஆறுதலா இருக்கலாம் எண்டு பெரிய எடுப்பில சொல்லுவார். உண்மையான காரணம் பூனை. சனம் வாற காலத்தில, கரவனைக் கொண்டுபோய் நிப்பாட்டித் தங்கிற பார்க்குகளில பூனைக்கு இடமில்லை. ஒருதரும் இல்லாத காலமெண்டால் பார்க் பொறுப்பாளர் கண்டும் காணாத மாதிரி விட்டுவிடுவார்.

பூனையை விட்டிட்டுப் போகவும் ஏலாது. நானும் இவரும் ஆளோட ஆள் கதைக்கிறதை விட்டுக் கனகாலம். சண்டை எண்டில்லை. ஊரில கந்தோர் வேலையால இவர் பென்சன் எடுத்து, எழுபத்தஞ்சாம் ஆண்டளவில மகனோட இருக்க மெல்பேர்ணுக்கு வந்தாப் பிறகு எங்களுக்குக் கதைக்க ஒண்டும் இல்லாமல் போச்சு. அப்ப அங்க எங்கட சனத்தை விரல்விட்டு எண்ணலாம். மகனும் மருமகளும் விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவினம். நாங்கள் ஆளுக்கொரு கதிரையில இருந்து சுவரைப் பாத்துக்கொண்டிருப்பம். பிறகு கராஜுக்குள்ள வந்து ஒதுங்கின இந்தச் சாம்பல் பூனையோட இவர் கதைக்கத் தொடங்கினார். தேத்தண்ணி கிடைக்குமோ எண்டு உன்ர அம்மாவைக் கேள் எண்டுவார். நான் விடுவனோ? கேத்தில் அடுப்பிலதான் கிடக்குது எண்டு உன்ர அப்பருக்குச் சொல்லு எண்டுவன். அப்பிடியே பழகிப்போச்சு. அது இல்லாட்டி நாங்கள் ரண்டு ஊமையள். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒருமுறை கிப்ஸ்லாந்துப் பக்கக் கடற்கரையில நிக்கேக்க கந்தசட்டி வந்திட்டுது. பேருக்குத்தான் வசந்தகாலம், காத்து எலும்புக்குள்ள போய்க் குத்தும். பார்க் முழுக்க வெறும் புல்லு. அந்தத் தொங்கலில, வேலிக்கரையில மட்டும் இன்னொரு கரவன் நிண்டுது, அதுக்குள்ள தனிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர்.

சட்டி ஆறு நாளும் நான் விரதம். ஊரில எண்டால் வீடு கழுவி, மச்சம் காய்ச்சிற சட்டியளைத் தூக்கி வெளியில வைச்சிட்டுத்தான் விரதம் தொடங்கிறது. கரவனில எங்க வைக்கிறது? மீன் சட்டியைக் கொண்டுபோய்க் கார் டிக்கிக்குள்ள வைச்சுப் பூட்டினன். இவருக்கும் மரக்கறிதான், பூனைக்கும் பாற்சோறுதான். பூனை சோத்தை மோந்துபோட்டு என்ர முகத்தைப் பாத்தது. இவர் சும்மா இருப்பாரோ, முருகன் உன்னையும் விரதம் பிடிக்கச் சொன்னவரோ எண்டு உன்ர அம்மாவைக் கேள் எண்டார். முருகனோட நான் பேசிக்கொள்ளுறன், வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லு எண்டன்.

ரண்டாம் நாள் பூனையைக் காணேல்லை. பின்னேரம் முழுக்க இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் எண்டு தேடினம். கடைசியில கிழவற்ர கரவனிலயிருந்து இறைச்சி பொரியிற மணம் வந்தது. எட்டிப் பாத்தால், எங்கட மூதேவி அங்க ஒரு கதிரையில ஏறியிருந்து சொசேஜ் தின்னுது. கிழவர் வெக்கப்பட்டுப்போனார். ஆருமில்லாத அநாதைப் பூனை எண்டு நினைச்சாராம். அந்தக் கதிரை அவற்ர மனுசியின்ர. ஒவ்வொரு வருசமும் சனம் இல்லாத இந்த நேரத்திலதான் ரண்டுபேரும் இங்க வாறவையாம். மனுசி போன குளிருக்குச் செத்துப்போச்சுதாம். வேற எங்க போறது எண்டு தெரியாமல் தனிய வந்தாராம். இண்டைக்குத்தான் வாய்திறந்து கதைச்சனான் எண்டு பூனையைக் காட்டிச் சொன்னார். எனக்குப் பாவமாத்தான் இருந்தது. அதுக்காக விட்டுக்குடுக்க ஏலுமோ? தூக்கிக்கொண்டு வந்திட்டன்.

அடுத்த நாளும் பூனை அங்க ஓடிச்சுது. அதுக்கடுத்த நாளும். விரதம் முடிச்சுப் பாறணை பண்ணின பிறகு, மீன் சட்டியை எடுத்து அதுக்கெண்டே மீன் பொரிச்சன். ஒரு துண்டு திண்டுபோட்டு, வாயை நக்கிக்கொண்டு கிழவரிட்டப் போயிட்டுது. எனக்கு நெஞ்சு எரிஞ்சுது. நன்றிகெட்ட சனியன் எண்டு பேசினன். இவர் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லுறதுக்குப் பூனை அங்க இல்லை.

வெளிக்கிடுற அண்டு கிழவரே பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கட பின்சீற்றில விட்டார். நல்ல பூனை எண்டு மட்டும் சொல்லிப்போட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார். கார் வெளிக்கிட்டதில இருந்து பூனை ஒரே அழுகை. பெற்றோல் அடிக்கிற செட் ஒண்டு வர, இவர் காரை நிப்பாட்டினார்.

"உன்ர அம்மாவைக் கேள், திருப்பட்டோ எண்டு."

ஓம் எண்டால், பிறகு ஆரிட்டச் சொல்லி நான் இந்த மனுசனை ஏசிறது? அவர் ஆரிட்டச் சொல்லித் தேத்தண்ணி கேக்கிறது? எனக்குப் பயமாயிருந்தது, அதுதான் உண்மை. பூனை கத்திக் களைச்சு என்னைப் பாத்தது.

"உன்ர அப்பருக்குச் சொல்லு, திருப்பட்டாம் எண்டு."

கரவனோட காரைத் திருப்புறது லேசுப்பட்ட வேலையில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்து எப்பிடியோ திருப்பினார். கிழவர் வாசலில இருந்தார். பூனையை அவற்ர மடியில வைச்சன். ரண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சார், நாங்கள் போறதைப் பாக்கவுமில்லை.

பிறகு ரோட்டுத்தான். மாடுகள் மேயிற பச்சைத் தரவை, மழை, பிறகும் தரவை. நான் கண்ணைத் துடைச்சதை இவர் கண்டவரோ தெரியாது. பெற்றோல் செட்டும் தாண்டிக் கனதூரம் வந்திட்டம், ஒரு சொல்லுப் பறையேல்லை.

"பசிக்குதோ?" எண்டார் இவர், ரோட்டைப் பாத்தபடி.

பூனையைத்தான் கேக்கிறார் எண்டு நினைச்சு நான் பின்சீற்றைத் திரும்பிப் பாத்தன்.