சில்லு வைத்த கப்பல்

கிரானைக் கடந்து வடக்கே நடந்துகொண்டிருந்தேன். வெயில் தலைக்கு நேரே நின்றது. ஏறாவூரில் வெள்ளிப் பட்டறையை விட்டுக் கிளம்பும்போது குடித்த பிளேன்டீயைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை. சட்டைப் பையில் ஒரு காசு மட்டும் கிடந்தது. அதைக் கொடுத்து பஸ் ஏற முடியாது. நூறு வருடத்துக்கு மேல் பழைய அமெரிக்கக் காசு அது. வீதிக்கு இரண்டு பக்கமும் வயல் வட்டை அறுத்து முடிந்து வெறுமையாகக் கிடந்தது. அங்கே இறங்கி வேலை கேட்கலாம் என்றால், மெசின் வந்து கடைசி வயல்வரை வெட்டிவிட்டுப் போயிருந்தது.

பட்டறையில் என் வேலை பழைய வெள்ளியைப் பிரித்து மூசைக்குள் போடுவது. மூசை என்பது உருக்குகிற மண்கிண்ணம். அறுந்த கொலுசு, நெளிந்த சுண்ணாம்புப் பெட்டி, ராணியின் தலை போட்ட ரூபாய் என்று எத்தனையோ போட்டிருக்கிறேன். ஒன்றுக்கும் கவலைப்பட்டதில்லை. ஒருநாள் கொலுசு மூட்டைக்குள்ளிருந்து கரிக்கட்டை மாதிரி ஒரு வட்டம் விழுந்தது. வழக்கம்போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். ஒரு பக்கத்தில் நீள முடி வைத்த ஒரு மனிதனின் தலை வந்தது. மறுபக்கத்தில் ஒரு கப்பல். மூன்று பாய்மரம். பாய்களில் காற்று நிறைந்திருந்தது. மரத்திலிருந்து கீழே இறங்கும் கயிறுகூடத் தெரிந்தது.

எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவன் நான். இங்கிலீசை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அமெரிக்கா என்பதும் அரை டொலர் என்பதும் விளங்கின. முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். கப்பலுக்குக் கீழே வண்டிச் சக்கரம் மாதிரி இரண்டு வட்டங்கள் இருந்தன.

"கப்பலுக்குச் சில்லு பூட்டியிரிக்கான். இது காசில்ல மனே, புள்ளையள் வெளையாடுற சாமான். மூசைக்குள்ள போடு."

"நான் எடுக்கன் மொதலாளி. இந்தக் கிழமச் சம்பளத்துக்கு."

பட்டறையே சிரித்தது. அவர் காசை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"கொண்டு போ. பசிச்சா இத எனக்கிட்டத்தான் கொண்டு வருவாய். அப்ப மூசைதான்."

அதற்குப் பிறகு அங்கே இருக்க முடியவில்லை. நான் போகிற இடமெல்லாம் சில்லுக் கப்பலைக் கேலிபண்ணி யாராவது வாயால் லொறி ஓட்டினார்கள். ஓட்டமாவடியில், கட்டாரில் வேலை செய்து திரும்பிய ஒருவர் எல்லா நாட்டுக் காசும் சேர்க்கிறார் என்று ஒரு வேலையாள் சொன்னான். உருக்காமல் வைத்துக்கொள்ளும் ஒரு ஆளிடம் அதைச் சேர்த்துவிட்டால் போதும், முதலாளியின் வாயை அடைத்த மாதிரியும் ஆகும் என்று விடியும்போதே நடையைக் கட்டினேன்.

கிரானுக்கு அப்பால் ஒரு உழவு இயந்திரக்காரர் பெட்டியில் ஏற்றிக்கொண்டார். பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியேறும் நேரத்தில் ஓட்டமாவடியில் இறங்கினேன். அந்த மனிதரின் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. "காசுக்காரர் வீடு" என்றால் எல்லோரும் கைகாட்டினார்கள். வளவுக்குள் புத்தம்புது வெள்ளை பைபர் படகு ஒன்று கட்டைகளின் மேல் நின்றது.

அவர் என்னை விறாந்தையில் இருத்திவிட்டு, பூதக்கண்ணாடி எடுத்து வந்தார். காசைத் தொட்டதும் முகம் சுருங்கியது.

"ஆரு இதக் கழுவின?"

"நான்தான் காக்கா. புளியும் சாம்பலும்." எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா, அக்காவை ராத்தா என்போம்.

அவர் தலையில் கைவைத்தார்.

"வெள்ளியக் கண்டா புளிச் சட்டியத் தேடுறதுதான் எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்ச வேல. பழைய காசுக்கு அந்தக் கறுப்புத்தான் உடுப்பு. நீ உரிஞ்சிப்போட்டாய்."

பிறகு போனில் படம் எடுத்து, தேடி, எனக்கு வாசித்துச் சொன்னார். கொலம்பஸ் அமெரிக்காவுக்குப் போய் நானூறு வருடமானதற்கு சிக்காகோவில் ஒரு பெரிய கண்காட்சி வைத்தார்களாம். அந்த நாட்டில் இப்படி ஒரு நிகழ்வை நினைத்து அடித்த முதல் காசு இதுதானாம். சில்லு என்று நாங்கள் சிரித்தது உலக உருண்டையின் இரண்டு பாதி. அரை டொலர்க் காசை ஒரு டொலருக்கு விற்கப் பார்த்திருக்கிறார்கள். பாதி விலைக் காசுக்கு முழு விலை கொடுக்க எத்தனை பேர் வருவார்கள்? மிஞ்சியதைக் கடைசியில் சாதாரணச் சில்லறையாக வெளியே விட்டுவிட்டார்களாம்.

கதையில் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப் பிறந்த காசு, வெளியே வந்து சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் கைமாறித் திரிந்திருக்கிறது. அப்படித் திரிந்ததில்தான் எங்கள் பக்கம்வரை வந்து, யாரோ ஒரு பிள்ளையின் இடுப்புக் கயிற்றில் தொங்கியிருக்கிறது. விளிம்பில் வளையம் ஒட்டிய காயம் இருந்தது.

"நான் எடுக்கேலா தம்பி," என்றார் அவர். "நிறைய அடிச்ச காசு. தேஞ்சிரிக்கி, கழுவியிரிக்கி, வளையமும் ஒட்டியிரிக்கி. சேக்கிற ஆக்கள் தொடமாட்டாங்க. வெள்ளி நிறைக்குத்தான் போகும்."

வெள்ளி நிறைக்கு என்றால் மூசைக்கு. முதலாளி சிரித்தபோது தெரிந்த பற்கள் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. காசை எடுத்துப் பைக்குள் போட்டேன். எழும்பிப் படியிறங்கப் போனேன்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். "வெயிலுக்குள்ளால வந்த மனிசன வெறும் வயித்தோட அனுப்பப் போறீங்களா? இரிங்க தம்பி."

பிட்டும் மீன் ஆணமும் வந்தன. ஆணத்தைப் பிட்டில் ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டேன். வீட்டுக்காரர் காசை இன்னொரு தரம் கேட்டு வாங்கி, படகையும் காசையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுட மூக்கில ஒரு படம் வேணும்," என்று படகைக் காட்டினார். "கீற வந்த ஒருத்தன் கடற்கன்னியக் காட்டினான். எங்கட மார்க்கத்துக்கு உருவம் சரிவராது." காசைத் திருப்பி மனிதத் தலையைக் கீழே போட்டார். கப்பல் மேலே வந்தது. "இது சரிவரும். கீற ஒரு ஆள்தான் தேடணும்."

"நான் கீறுவன்."

"நீயா? கப்பல் கீறியிரிக்கியா?"

"கடைப் பலக, பஸ், மதில் எல்லாத்திலயும் கீறியிரிக்கன். ஆனா கப்பல் மட்டும் குளத்தில நீந்துற தாரா மாதிரித்தான் வரும்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப எங்கட போட்டுக்குத் தாராவா?"

"இது தாரா வராது ராத்தா. அடுப்புக்கரி ஒரு துண்டு தாங்க."

அந்தக் காசை நான் கையில் வைத்திருந்த நாட்களில் வேறு எதையும் பார்க்கவில்லை. என் கப்பல்கள் ஏன் தாராவாயின என்று எனக்குப் பிடிபட்டிருந்தது. நான் பாயைத் துணி காயப்போட்ட மாதிரித் தட்டையாகக் கீறி வந்திருக்கிறேன். காசில் பாய் முன்னால் புடைத்து நின்றது. கயிறுகள் மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்தன. காற்று ஒரு பக்கம் தள்ள, கயிறு மறுபக்கம் இழுக்கிறது. அந்த இழுபறிதான் கப்பல்.

படகுக்குப் பின்னாலிருந்த சீமெந்து மதிலில் முதலில் மரங்களை நிறுத்தினேன். பிறகு கயிறு. பாயைக் கடைசியில் வைத்தேன். கோடு நேராக விழுந்தது. பிட்டும் ஆணமும் கண்ட கை அது. பக்கத்து வளவிலிருந்து ஆட்கள் வந்து வேலியோரம் நின்றது எனக்குத் தெரியாது. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது கரியைக் கீழே வைத்தேன்.

மனைவி கிட்டே வந்து, விரலால் தொடாமல் பாயின் வளைவைக் காற்றிலேயே தடவினார். அவர் வாழைச்சேனையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர் என்று பிறகுதான் அறிந்தேன்.

"பாய் காத்துப் புடிச்சிரிக்கி," என்றார். "இது தாரா இல்ல."

வேலியோரம் யாரோ விசிலடித்தார்கள். நான் கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டேன். சம்பளத்தைக் கொடுத்து ஒரு கப்பல் வாங்கியிருக்கிறேன், அது மதில் நீளத்துக்கு நின்றது. ஏறாவூரில் மூசை ஆறிப்போய்க் கிடக்கட்டும்.

விறாந்தையிலேயே படுத்தேன். விடிந்ததும் வீட்டுக்காரர் பெயின்ற் வாளிகளைக் கொண்டுவந்து வைத்தார். இந்தப் படகு முடிந்தால் ஓட்டமாவடிப் பாலத்துக்குக் கீழே அவருடைய மச்சானின் படகும் இருக்கிறதென்றார். கப்பலுக்குக் கீழே காசில் வருடம் போட்டிருந்த இடத்தில் படகின் நம்பரை எழுதச் சொன்னார்.

"அந்த ரெண்டு வட்டத்தையும் உலகம் மாதிரி ஒழுங்காக் கீறு. இல்லாட்டி சில்லெண்டு சிரிப்பானுகள்."

"சில்லாவே இரிக்கட்டும்," என்றார் மனைவி, தேநீரை நீட்டியபடி. "போட்டக் கரையில ஏத்த இனி நாள்தோறும் ஆள் தேடித் திரியப்போறது நீங்கதானே? சில்லிருந்தா தன்னால உருளும்."

அவர் சிரித்துக்கொண்டு கறுப்பு வாளியைத் திறந்து வைத்தார். படகின் மூக்கை சாண்ட் பேப்பரால் தேய்த்துத் துடைத்தேன். காசை இடது உள்ளங்கையில் வைத்து, கறுப்பில் தூரிகையை நனைத்து, முதலில் சில்லுகளைக் கீறினேன்.